முள்ளுக்கத்தரிக்கு அடித்த பாசி மருந்து

அணைக்கட்டுப் பக்கம் என் மச்சானுக்கு ஒன்றரைக் காணி நிலம். அதில் அரைக் காணியில் எப்போதும் இலவம்பாடி முள்ளுக்கத்தரிதான். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தக் கத்தரிக்காயைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே கொஞ்சம் மாறிவிட்டது. காம்பில் முள், காயின் தோலில் வரி வரியாக ஊதாவும் வெள்ளையும். பறிக்கும்போது கை கிழியும், குழம்பில் போட்டால் வெண்ணெயாகக் குழையும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வரப்பில் ஒரு குப்பி கிடந்தது. உள்ளே கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஏதோ திரவம். மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் கருவாட்டுக் கடை வாசனையும் மழை பெய்த மறுநாள் குட்டை வாசனையும் கலந்து அடித்தது.

"இன்னா மச்சான் இது?"

"பாசி மருந்து மாப்ள. கடல் பாசி. கடைக்காரன் குடுத்தான். பூ உதிராம நிக்குதுன்றான். நெசமாவே நிக்குது, பாருங்க."

நின்றிருந்தது. நான் முப்பது வருடமாக உயிரியல் வாத்தியார். கடற்பாசிச் சாற்றில் செடிக்கு ஊக்கம் தரும் பொருள்கள் உண்டு என்பதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனால் கடலிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் உள்ளே, ஒரு கத்தரிப் பாத்தியின் வரப்பில் அது குப்பியாகக் கிடக்கும் என்று நினைத்ததில்லை. குப்பியைத் திருப்பி லேபிளைப் படித்தேன். கடற்பாசிச் சாறு என்று இருந்தது. எந்தப் பாசி, எந்தக் கடல் என்று இல்லை. அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

தை அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போனேன். போன வேலை ஒரு காலையில் முடிந்துவிட்டது. திரும்பும் ரயில் இரவில்தான். ஆட்டோக்காரரிடம் "பாசி வளர்க்கிற இடம் எதாவது இருக்கா?" என்று கேட்டேன். கோயில், தனுஷ்கோடி, கலாம் வீடு என்று வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தவர் ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தீவின் வடக்குக் கரைக்குக் கொண்டுபோய் விட்டார்.

அங்கே அலை கிடையாது. பாக் விரிகுடா ஏரி மாதிரி கிடந்தது. மூங்கில் கழிகளைச் சதுரமாகக் கட்டி, ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும், மிதவை மிதவையாக நீரில் விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் குறுக்கே இருபது கயிறு. கயிற்றில் கைப்பிடி கைப்பிடியாகப் பாசி. அடியில் வலை. ஒரு மிதவைக்கு விதைப்பாசி அறுபது கிலோ போடுவார்கள், நாற்பத்தைந்து நாளில் இருநூறு கிலோவுக்கு மேல் ஆகிவிடும். அதில் மறுபடியும் அறுபது கிலோவைப் பிய்த்துக் கட்டிவிட்டு மீதியைக் கரையில் காயப்போட வேண்டும். பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோ வரும்.

கரையில் காய்ந்த பாசியைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதலில் என்னை அதிகாரி என்று நினைத்தார் போல, பேசவில்லை. வேலூரிலிருந்து தர்ப்பணத்துக்கு வந்தவன், வாத்தியார் என்றதும் சிரித்துவிட்டார்.

"சின்னப் பிள்ளையிலேர்ந்து பாசி எடுக்குறேன் தம்பி. அப்பெல்லாம் முங்கித்தான் எடுக்கணும். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை. விரல்ல துணியச் சுத்திக்கிட்டுப் போவோம், அப்பவும் பவளப் பார்ல கை வெட்டிப்புடும். தீவுப் பக்கம் போனா வனத்துறைக்காரங்க புடிப்பாங்க. இது கரையோரமாக் கட்டுறது. ஒடம்புக்குச் சொகம்."

"இது எந்தப் பாசி?"

"பெப்சி பாசி" என்றார்.

பெப்சி பாசி! என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார். அந்தக் கம்பெனிக்காரர்கள்தான் முதலில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள், அதனால் அந்தப் பெயர். ஒரு உயிரினத்துக்கு ஊர் வைத்த பெயரிலேயே அதன் வரலாறு இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நம் பக்கத்தில் சீமைக் கத்தரி, சீமை இலந்தை என்று 'சீமை' போட்டால் வெளிநாடு. இங்கே சீமைக்குப் பதில் பெப்சி.

விஞ்ஞானிகள் அதைக் கப்பாஃபைகஸ் அல்வரேசி என்பார்கள். சொந்த ஊர் பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடல். அதிலிருந்து எடுக்கும் காராஜீனன் என்ற பொருளை ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சாக்லேட் பாலிலும் சேர்க்கிறார்கள், எல்லாவற்றையும் கெட்டியாகவும் வழவழப்பாகவும் வைத்திருக்க. பாசியைப் பிழிந்தால் வரும் சாறு உரமாகிறது. மச்சானின் குப்பியில் இருந்தது இதுவேதானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் நாட்டில் விற்கும் பாசி உரங்களில் பலவற்றுக்கு இந்தப் பாசிதான் மூலம்.

1984இல் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிலிருந்து இதில் கொஞ்சம் கொண்டுவந்தார்கள். முதலில் குஜராத் கரையில் வளர்த்துப் பார்த்தார்கள், பிறகு ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் ஊரில். 2000ஐ ஒட்டிப் பெப்சி நிறுவனம் உள்ளே வந்து, ராமநாதபுரம் மாவட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண்களை வைத்து ஒப்பந்த முறையில் வளர்க்கத் தொடங்கியது. 2008வாக்கில் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது. பெயர் மட்டும் கரையில் தங்கிவிட்டது.

பாசியும் தங்கிவிட்டது. பிரச்சினை அங்கேதான்.

இந்தப் பாசிக்கு விதை வேண்டாம், பூ வேண்டாம். ஒரு துண்டு பிய்ந்தால் போதும், அது போய் எங்கே ஒட்டுகிறதோ அங்கே முழுப் பாசி. மிதவையில் வளர்ப்பதும் அப்படித்தான், கடலில் பரவுவதும் அப்படித்தான். வருமானத்துக்குக் காரணமான அதே குணம்தான் ஆபத்துக்கும் காரணம். 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ராமேஸ்வரத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் இருக்கும் குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மான்கொம்பு மாதிரிக் கிளைவிடும் பவளங்களின் மேல் தடிமனான பாய் போர்த்தியது போல. பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைத்துத் தரும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் வாழ்கிறது. மேலே பாய் விழுந்தால் வெளிச்சம் போச்சு. அடுப்பு அணைந்த வீடுதான். பிறகு சிங்கிள் தீவிலும் முள்ளித் தீவிலும் பார்த்தார்கள். வனத்துறை ஆட்களை வைத்துக் கையால் பிய்த்து எடுக்கிறார்கள். பிய்க்கும்போது விழும் துண்டிலிருந்து மறுபடியும் முளைக்கிறது.

மன்னார் வளைகுடா சாதாரண இடமில்லை. 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 1986இல் கடல் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். மீன் குஞ்சு வளர்வது பவளப் பாரிலும் கடற்புல்லிலும்தான். பார் செத்தால் அங்கே மீன் கூடுவதில்லை. வலை போடுகிறவனுக்கும், முங்கி மரிக்கொழுந்து எடுக்கிறவளுக்கும், பாரைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரனைப் படகில் ஏற்றுகிறவனுக்கும் அடி. இந்த நஷ்டத்துக்கு யாரும் ரசீது போடுவதில்லை. மிதவையில் வந்த வருமானத்துக்கு ரசீது உண்டு. கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் எந்தத் தொழிலும் லாபம்தான்.

இதற்கு மறுப்பும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பரவல் சில திட்டுகளோடு நிற்கிறது, மொத்தப் பாரோடு ஒப்பிட்டால் துளி, பவளம் சாவதற்குக் கடல் சூடாவதுதான் பெரிய காரணம் என்று பாசி வளர்ப்பை ஆதரிக்கும் விஞ்ஞானிகள் எழுதினார்கள். சூடு பெரிய காரணம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் காய்ச்சலில் கிடக்கிறவன் மேல் கம்பளியைப் போட்டு மூச்சை அமுக்கிவிட்டு, "காய்ச்சல்தான் காரணம்" என்பது என்ன வாதம்?

என் கோபத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. இந்தப் பாசி என்ன செய்யும் என்று நமக்கு முன்பே தெரிந்திருக்க முடியும். ஹவாய்த் தீவுகளில் 1974இல் மேக்ஸ்வெல் டோட்டி என்ற பாசி நிபுணர் இதைக் கனியோஹே விரிகுடாவில் விட்டார். ஆழமான நீரைத் தாண்டி இது போகாது என்று அவர் தரப்பில் நம்பினார்கள். போனது. இருபத்துச் சொச்சம் வருடத்தில் சுமார் 6 கிலோமீட்டர் தள்ளிப் பவளத்தின் மேல் ஏறியிருந்ததை 1999இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது. கடைசியில் அங்கே படகில் பெரிய உறிஞ்சுக் குழாய் வைத்து, முக்குளிப்பவர்களை இறக்கி, பாசியை உறிஞ்சி எடுத்தார்கள். மிச்சத்தைத் தின்பதற்குக் கடல் முள்ளெலிகளைப் பண்ணையில் வளர்த்து ஆயிரக்கணக்கில் விட்டார்கள். இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் மண்டபத்தில் மிதவைகள் பெருகின. தமிழ்நாடு அரசு 2005இல் இந்தப் பாசியை வளைகுடாவின் பவளப் பகுதியிலிருந்து தள்ளித்தான் வளர்க்க வேண்டும் என்று ஆணை போட்டது. கடலில் வேலி போட முடியுமா என்ன.

வேலி என்றதும் நம் ஊர் ஞாபகம். வேலிக்காத்தான்! சீமைக் கருவேலத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.

வேலூரைச் சுற்றி எந்த ஏரிக்கரையில் நின்று பார்த்தாலும் அதுதான். பாலாற்று மணலில், ரயில் பாதை ஓரத்தில், வாரிசுகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நிலத்தில். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பை மாவட்டத்தில் கமலாபுரத்தில் முதலில் நட்டார்கள். காரணம் நல்ல காரணம்தான்: காய்ந்த பூமியில் விறகு. அடுப்பு எரிந்தது, கரி மூட்டம் போட்டவன் பிழைத்தான், ஆடு காயைத் தின்று போகிற இடமெல்லாம் விதைத்தது. என் பாட்டி அதை மகராசி என்று சொல்லுவாள். என் மச்சான் ஜேசிபி வாடகை கொடுத்துப் பிடுங்கிப் போட்டார், மறு வருடம் வேரிலிருந்து துளிர்த்தது. அப்புறம் கோட்டை அகழியில் ஆகாயத்தாமரை. அள்ளுவார்கள், பத்திரிகையில் படம் வரும், கொஞ்ச நாளில் அகழி மறுபடியும் பச்சை.

இரண்டையும் யாரும் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. விறகுக்கு ஒன்று, அழகான ஊதாப் பூவுக்கு ஒன்று.

பாசி கதைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. அதே 1984இல் மொனாக்கோவில், கடலியல் அருங்காட்சியகத்தின் கீழே, மீன்தொட்டி அலங்காரத்துக்கு வைத்திருந்த ஒரு பச்சைப் பாசி ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் கடலில் வளர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். அப்போது ஒரு ஆள் இறங்கிப் பிடுங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். விட்டார்கள். மத்திய தரைக்கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் போனது. அதே பாசி 2000இல் கலிஃபோர்னியாவில் ஒரு உப்பங்கழியில் தென்பட்டபோது, மொனாக்கோவைப் பார்த்துப் பயந்திருந்த அமெரிக்கர்கள் உடனே தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்திக் கொன்றார்கள். ஆறு வருடம், சுமார் 70 லட்சம் டாலர். பணம் அதிகம்தான், ஆனால் வேலை முடிந்தது.

2008இல் சீனாவின் சிங்தாவ் நகரில் ஒலிம்பிக் படகுப் போட்டி தொடங்கும் முன் கடல் முழுக்கப் பச்சைப் பாசி வந்து மூடியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இறக்கிப் பத்து லட்சம் டன் அள்ளினார்கள். எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், தெற்கே உண்ணும் பாசி வளர்க்கும் பண்ணைகளின் கயிறுகளில் வேண்டாத களையாக ஒட்டியிருந்ததுதான், சுத்தம் செய்து கடலில் தள்ளியதிலிருந்து பெருகி வந்திருக்கிறது. கரீபியன் கரைகளில் 2011லிருந்து வருடா வருடம் சர்காசம் என்ற மிதக்கும் பாசி வந்து குவிகிறது. அது வேறு நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதில்லை, அட்லாண்டிக்கின் சொந்தப் பாசிதான், ஆனால் அளவு மீறிவிட்டது. 2018இல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதந்தது. கரையில் அழுகினால் முட்டை அழுகிய நாற்றம், அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு. எந்தச் சுற்றுலாக்காரன் வருவான்?

அந்த நாற்றம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறவைத்து முடி கழிக்கிற பகுதி. சாயங்காலம் அவர் தெருமுனையில் திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் படித்தோம். அந்தப் பக்கத்துக் கிணறுகள் மஞ்சளானதும் அதே வருடங்களில்தான். அத்தை வீட்டுத் தென்னை குரும்பையிலேயே உதிர்ந்தது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28, வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கு. சட்டம் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நம் ஊரில் பலருக்குத்தான் தெரியாது.

அந்தத் தீர்ப்பில்தான், கெடுத்தவனே செலவைத் தர வேண்டும் என்பதோடு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது. பெரிய கேடு வரும் என்ற பயம் இருந்தால், முழு அறிவியல் நிரூபணம் இல்லை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. கேடு வராது என்று காட்ட வேண்டிய பொறுப்பு கொண்டுவருகிறவனுக்கு. பாதிக்கப்பட்டவன் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆய்வகம் ஆய்வகமாக அலைய வேண்டியதில்லை.

பாலாற்றங்கரை கொடுத்த விலையில் வாங்கிய பாடம் இது. நான்கைந்து வருடத்துக்குள் மண்டபத்தில் பாசி வியாபாரம் பெரிதாகத் தொடங்கியபோது அங்கே அது எட்டவில்லை. "பவளத்தைக் கொல்கிறது என்று நிரூபி" என்று ஆய்வாளர்களிடம் கேட்டார்கள். "கொல்லாது என்று நீங்கள் நிரூபித்துவிட்டு இறக்குங்கள்" என்றல்லவா இருந்திருக்க வேண்டும்? உயிருள்ள கடற்பாசியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்குத் தொற்றுத்தடைக் காப்பு, ஆபத்து மதிப்பீடு எல்லாம் வைத்து மத்திய மீன்வளத் துறை வழிகாட்டு நெறி வெளியிட்டது 2024இல். பாசி வந்து 40 வருடம் கழித்து.

இப்படியெல்லாம் அந்த அம்மாவிடம் நான் பேசவில்லை. பேச வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. "இந்தப் பாசி பவளத்துக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே" என்று மட்டும் கேட்டேன்.

"சொல்றாங்க" என்றார். புரட்டுவதை நிறுத்தவில்லை. "எங்க மேல போட்டாங்களா, அவங்க மேல போட்டாங்களா பழிய?"

பிறகு அவரே 2013, 14 கதையைச் சொன்னார். கடல் சூடேறி, பாசி நுனி வெளுத்து, ஐஸ் மாதிரி வெள்ளையாகி, கயிற்றோடு அழுகி விழுந்தது. ஒரே தாய்ப்பாசியைப் பிய்த்துப் பிய்த்துக் கட்டியது. ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகவில்லை. மூங்கில் வாங்கிய கடன் நின்றது. முன்னே செய்த வேலையும் சுலபமில்லை. பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் தாங்களாகவே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். மிச்ச நாளில் பாசி வளரட்டும் என்று. சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கிறவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது இந்தக் கூட்டத்துக்காகப் போராடியதற்குத்தான். கடலை எப்படி விட்டுப்பிடிப்பது என்று அறிந்தவர்களிடம்தான் கடலுக்கு ஆகாத ஒன்றைக் கொடுத்து, இதை வளர்த்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறோம். பண்ணையில் அழுகிய பாசி, அதற்குப் பிறகும் தீவுகளில் பவளத்தின் மேல் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது ராமநாதபுரம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. 2023 செப்டம்பரில் அடிக்கல் போட்டார்கள். நல்லது. கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் நம் கடலில் ஆதியிலிருந்து இருப்பவை, அவற்றை வளர்க்கிற நுட்பத்துக்குச் செலவழித்தால் நான் கைதட்டுவேன். அவை மெதுவாக வளரும், விளைச்சல் குறைவு என்கிறார்கள். இருக்கட்டுமே. வேகமாக வளர்வதுதான் தகுதி என்றால் வேலிக்காத்தானைவிடத் தகுதியான மரம் வட ஆற்காட்டில் எது?

அன்று சாயங்காலம் குந்துகாலில் போய் நின்றேன். எதிரே குருசடை பச்சைக் கோடாகத் தெரிந்தது. மேலே இருந்து பார்த்தால் எல்லாக் கடலும் நீலம்தான். பாலாறு ஓடிய வருடங்களில் மேலே இருந்து பார்த்தால் அதுவும் ஆறு மாதிரித்தான் இருந்தது.

பங்குனியில் மறுபடியும் அணைக்கட்டுக்குப் போனேன். மச்சான் புதுக் குப்பி வாங்கி வைத்திருந்தார். ராமேஸ்வரத்தில் பார்த்ததையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து சொன்னேன். முழுதாகக் கேட்டார். குறுக்கே ஒரே ஒரு முறை, "அப்ப இதை அடிக்கலாமா வேணாமா?" என்றார். அடித்தாலும் அடிக்காவிட்டாலும் குருசடையில் ஒன்றும் மாறாது என்றேன், அது பாதி உண்மை என்று தெரிந்தே.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மூடியால் அளந்து டேங்கில் ஊற்றினார்.

"அந்தப் பாசிய எதுவும் திங்காதா மாப்ள? வேலிக்காத்தான் காயையாவது ஆடு திங்குது."

"திங்கும் மச்சான். ஓரா மீன்னு ஒண்ணு கீது. விரும்பித் திங்கும்."

"அப்ப அதை நிறைய விட வேண்டியதுதானே."

"மிதவைக்கு அடியில வலை கட்டியிருக்காங்கன்னு சொன்னேன்ல. அது அந்த மீனு உள்ள வந்து பாசியத் திங்காம இருக்கத்தான்."

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு, முள் படாமல் கையை மேலே தூக்கியபடி பாத்திக்குள் இறங்கினார்.